பதினோராம் எண் கூண்டு

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாகிவிட்டால் நம் செய்திகளில் தவறாமல் ஒரு வரி வரும்: நாகை, கடலூர், எண்ணூர், பாம்பன், தூத்துக்குடி துறைமுகங்களில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. மறுநாள் அது 2 ஆகலாம், 3 ஆகலாம். எண் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்றுதான் கேட்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஓரளவுக்குத்தான் அது சரி. 5, 6, 7 ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்தைக் குறிப்பவை. 8, 9, 10 ஆகியவையும் அப்படித்தான்.

இந்தக் கூண்டுகள் கப்பல்காரர்களுக்காகப் பிறந்தவை. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. மறு ஆண்டே அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு ஒன்று வந்தது. இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டதே 1875-இல்தான். எச்சரிக்கை அதற்குப் பத்தாண்டு மூத்தது. வானொலி இல்லாத காலம் அது. கொடிமரத்தில் பகலில் கூம்பு, உருளை வடிவங்களை ஏற்றினார்கள். இரவில் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும். தொலைவில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து பார்க்கும் மாலுமிக்கு அந்த ஒரு குறி போதும், நிலைமை முழுதும் விளங்கிவிடும்.

1, 2 என்றால் கொந்தளிப்பு இன்னும் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே வானிலை கெடப்போகிறது. 5 ஏறினால், புயல் கரையைக் கடக்கும்போது துறைமுகம் அதன் பாதைக்கு இடப்பக்கம் இருக்கும் என்று பொருள். 6 என்றால் வலப்பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும். புயல் கடுமையானதாக இருந்தால் இதே மூன்று நிலைகளுக்கு 8, 9, 10.

இடமா வலமா என்பது மாலுமிக்கு உயிர்ப் பிரச்சினை. பூமியின் வடபாதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. மேற்கு நோக்கி நம் கரைக்கு வரும் புயலை எடுத்துக்கொண்டால், அதற்கு வடக்கே, அதாவது வலப்பக்கம் உள்ள கரையில், காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசிக் கடல்நீரை உள்ளே தள்ளும். தெற்கே உள்ள கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கப்பலை எந்தப் பக்கம் கட்டுவது, உள்ளே வைப்பதா, நடுக்கடலுக்குக் கொண்டுபோய்விடுவதா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. கரையோரக் குப்பத்தில் இருப்பவர் கேட்கும் கேள்விகள் வேறு. கூரை தாங்குமா, தண்ணீர் எதுவரை ஏறும், எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும்? இவற்றில் எதற்கும் கூண்டு எண்ணில் பதில் கிடையாது. மாலுமிக்கு எழுதியதை மீனவக் குடும்பத்துக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இருந்தாலும் அந்த வரிசையின் கடைசி எண்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. 11-ஆம் எண் கூண்டுக்கு இதுதான் பொருள்: புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் வானிலை மோசமாகும் அபாயம் இருப்பதாக இங்குள்ள அதிகாரி கருதுகிறார். தன்னிடம் தகவல் இல்லை என்பதையே ஓர் எச்சரிக்கையாக்கி, அதற்கென ஒரு எண்ணும் கொடுத்து, எல்லாரும் பார்க்கும்படி மரத்தில் ஏற்றுகிறது ஓர் அரசு அலுவலகம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, சொன்ன கையோடு என்ன செய்யலாம் என்பதையும் உணர்த்துவது. ஆபத்தைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசுகிற எவருக்கும் இன்றுவரை ஆகக் கடினமான வேலை இதுதான்.

வங்கதேசமும் இந்தத் துறைமுக எண்களை நம்மைப் போலவே பெற்றுக்கொண்ட நாடு. 1970 நவம்பர் 12 இரவு போலா புயல் அந்தக் கரையில் குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொன்றது. புயலுக்குப் பின் நடந்த ஆய்வு சொன்ன செய்தி கொடுமையானது: புயல் வருவது ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்குத் தெரிந்திருந்தது. உறுதியான கட்டடங்களில் தஞ்சம் புகுந்தவர்களோ 1 சதவீதம் அளவில்தான். தகவல் போய்ச் சேர்ந்தும் பயனில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் வேறொரு புயலுக்கு எச்சரிக்கை கேட்டிருந்தார்கள், அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. இம்முறை எவ்வளவு நிச்சயம், எவ்வளவு மோசம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போனது.

1972-இல் அங்கே தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டம் எண்களை மாற்றப் போராடிக்கொண்டிருக்கவில்லை. எண்களுக்கு மேல் கொடிகளை வைத்தது. ஊரில் உயரமான இடத்தில் ஒரு கொடி ஏறினால் கவனமாக இரு. இரண்டு என்றால் ஆயத்தமாகு. மூன்று என்றால் காப்பகத்துக்குப் புறப்படு. கொடியை ஏற்றுபவர் அதே ஊர்க்காரர். கையில் மெகாபோன், கைச்சைரன். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், யார் மாட்டை விட்டு வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். புயல் இல்லாத மாதங்களில் நாடகம் போடுகிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள், ஒத்திகை நடத்துகிறார்கள். இன்று தொண்டர்கள் 76,000 பேர் வரை. பாதிப் பேர் பெண்கள். 1991 புயலில் 1,38,000 பேர் இறந்த நாட்டில் 2007-இல் சிட்ர் புயலுக்கு இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். காப்பகக் கட்டடங்கள், கரைகள், செயற்கைக்கோள்கள் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் காப்பகம் கட்டி வைத்தாலும் உரிய நேரத்தில் ஆட்கள் போய்ச் சேர வேண்டும் அல்லவா? அதைக் கொடிகளும் தொண்டர்களும் பார்த்துக்கொண்டார்கள்.

கொடி, கூண்டு எல்லாம் பழைய காலம், இப்போது கைபேசியிலேயே புயல் வரைபடம் வருகிறதே என்று தோன்றலாம். அந்த வரைபடத்தின் கதை இன்னும் சிக்கலானது.

புயலின் இப்போதைய இடத்தில் குறுகலாகத் தொடங்கிப் போகப் போக அகலும் ஒரு கூம்பு. அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் இதை இப்படித்தான் வரைகிறது: 12 மணி, 24 மணி, 48 மணி என்று 5 நாள்வரை புயலின் மையம் இருக்கக்கூடிய இடங்களைக் குறிக்கிறார்கள். ஒவ்வோர் இடத்தையும் சுற்றி ஒரு வட்டம். கடந்த 5 ஆண்டுகளில் அந்த நேர அளவுக்குச் செய்த கணிப்புகளின் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி வட்டத்தின் அளவு அமையும். வட்டங்களைச் சேர்த்து வெளிக்கோடு போட்டால் கூம்பு. நம் வானிலைத் துறையும் 2009 டிசம்பரில், திருகோணமலைப் பக்கம் போன ‘வார்ட்’ புயலிலிருந்து இத்தகைய கூம்பைத் தருகிறது.

மூன்றில் இரண்டு என்பதைத் திருப்பிப் பாருங்கள். மூன்றில் ஒரு முறை மையம் வட்டத்துக்கு வெளியே போகும் என்று வரைந்தவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். அதோடு, கூம்பு பேசுவது மையத்தைப் பற்றி மட்டும். காற்று எவ்வளவு தூரம் பரவும், மழை எங்கே கொட்டும் என்பவை அதில் இல்லை. பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் கவனிப்பதில்லை. கூம்புக்கு வெளியே நம் ஊர் இருந்தால் தப்பித்தோம் என்கிறார்கள். கூம்பு அகல அகலப் புயல் பெருக்கிறது என்கிறார்கள். உண்மையில் பெருப்பது நம் அறியாமை. ஊட்டா பல்கலைக்கழகத்தில் லேஸ் படில்லா, சாரா கிரீம்-ரெகர் ஆகியோர் இருந்த குழு இந்தத் தவறான வாசிப்பைச் சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டது.

புளோரிடாவின் மேற்குக் கரையில் காயோ கோஸ்டா என்று ஒரு தீவு. 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி சூறாவளி கரையேறியது அங்கே. கூம்பின் நடுவிலிருந்த மெல்லிய கறுப்புக் கோடு வடக்கே டாம்பா நகரத்தைக் காட்டியது. சார்லி சட்டென்று திரும்பியபோது தெற்கே இருந்தவர்கள் பலர் தயாராக இல்லை. அந்த ஊர்கள் கூம்புக்குள்தான் இருந்தன, ஆனால் கண் போனது கோட்டின்மேல். 18 ஆண்டு கழித்து, 2022 செப்டம்பர் 28 அன்று இயன் சூறாவளி கரையேறியதும் அதே காயோ கோஸ்டாவில். முன்நாட்களில் பேச்செல்லாம் மறுபடியும் டாம்பாவைச் சுற்றி. தீவு அமைந்த லீ மாவட்டம் வெளியேற்ற உத்தரவு போட்டது முந்தைய நாள்தான். ஏன் அவ்வளவு தாமதம் என்ற கேள்வி பிறகு பெரிதாக எழுந்தது.

நம் ஊரில் இதற்கு இணையான கோடு உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கான அறிக்கை என்ன சொன்னது? காரைக்காலுக்கும் மகாபலிபுரத்துக்கும் இடையே, புதுச்சேரி அருகே கரையைக் கடக்கும். காரைக்காலிலிருந்து மகாபலிபுரம் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அந்த நீளமே வானிலையாளர் நேர்மையாக முன்வைத்த நிச்சயமின்மை. தொலைக்காட்சியில் அது ‘புதுச்சேரி அருகே’ என்று சுருங்கி, புயல் கரையைக் கடந்ததா இல்லையா என்ற நேரடி ஒளிபரப்பாக மாறியது. நவம்பர் 30 இரவு கரை கடந்த பிறகுதான் பெருமழை. புயல் நகராமல் நின்றுவிட, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அடுத்த நாள் கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையிலும் அதே அளவு. ‘கரையைக் கடந்தது’ என்ற அறிவிப்பைக் கேட்டு நிம்மதியாகப் படுத்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால் மனம் பதறுகிறது.

கூம்பை வேறெப்படிக் காட்டலாம்? சாத்தியமான பல பாதைகளைத் தனித்தனிக் கோடுகளாக வரைவது ஒரு வழி. புயல் பெருப்பதாக நினைக்கும் தவறு இதில் குறைந்தது. வேறொரு தவறு முளைத்தது: தன் ஊரின்மேல் ஒரு கோடு விழுந்தால் ஆபத்து, இரு கோடுகளுக்கு நடுவே இருந்தால் பிழைத்தோம் என்று படித்தார்கள். ஊட்டா குழு இதையும் 2017-இல் எழுதி வெளியிட்டது. எந்தப் படமும் ஒரு தவறைத் தடுத்து இன்னொன்றை அழைத்துவரும். இந்தத் துறையில் வரைந்து முடித்த பிறகு ஆட்களை உட்காரவைத்துச் சோதிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. சோதிக்காத அழகான படத்தை நான் நம்புவதில்லை.

சோதனையில் தேறியவற்றில் எனக்குப் பிடித்தது புள்ளிப்படம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கே குழு 2016-இல் பேருந்துச் செயலி ஒன்றுக்காக இதைச் சோதித்தது. வழக்கமான செயலி ‘பேருந்து 10 நிமிடத்தில்’ என்று சொல்லும். இவர்களோ நேரக்கோட்டின்மேல் 20 புள்ளிகளை அடுக்கினார்கள். ஒவ்வொரு புள்ளியும் 20-இல் ஒரு வாய்ப்பு. 10-ஆம் நிமிடத்தருகே குவியல். முன்னும் பின்னும் சிதறல். தேநீர் வாங்கிக்கொண்டு 8-ஆம் நிமிடம் நிறுத்தத்துக்குப் போனால் என்ன ஆகும்? 8-க்கு இடப்பக்கம் உள்ள புள்ளிகளை எண்ணுங்கள். இரண்டு இருக்கிறதா? 20 முறை இப்படிச் செய்தால் 2 முறை பேருந்தை விடுவீர்கள். வேலைக்கான நேர்காணல் என்றால் தேநீர் வேண்டாம். சும்மா கடைவீதிக்கு என்றால் குடித்துவிட்டே போகலாம். சதவீதம் என்றாலே மிரளும் மனிதரும் இரண்டு புள்ளியை எண்ணிவிடுவார். இந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் பலமுறை பழகிய பின் நல்ல முடிவுகளை எடுத்தார்கள் என்பதை 2018-இல் வந்த தொடர் ஆய்வு காட்டியது.

ஒற்றை எண் எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு 1997 ஏப்ரலில் அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் சாட்சி. ரெட் ரிவர் ஆறு 49 அடிக்கு உயரும் என்று வானிலைச் சேவை சொன்னது. மக்கள் மணல்மூட்டை அடுக்கிக் கரையை அதற்கு இரண்டு மூன்று அடி மேலே உயர்த்தினார்கள். ஆறு 54 அடியைத் தாண்டியது. ஏறக்குறைய 50,000 பேர் வாழ்ந்த நகரம் காலியானது. வெள்ளத்துக்கு நடுவே மூண்ட தீயில் நகர மையத்தின் கட்டடங்கள் பல எரிந்தன. 49 என்ற எண்ணைச் சிலர் உச்சவரம்பாக எடுத்துக்கொண்டார்கள், சிலர் அப்படியே துல்லியம் என்று நம்பினார்கள். பழைய கணிப்புகள் பல அடி தவறியிருக்கின்றன என்ற விவரம் கணித்தவர்களிடம் இருந்தது. அது மட்டும் மக்களிடம் போகவில்லை. போயிருந்தால் கரையை இன்னும் உயர்த்தியிருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குறைந்தபட்சம் வீட்டுப் பத்திரங்களையாவது மேலே எடுத்து வைத்திருப்பார்கள்.

பிழை விவரத்தை ஏன் மறைக்கிறார்கள்? தடுமாறுவதாகத் தெரிந்தால் மக்கள் நம்பமாட்டார்கள் என்ற அச்சம்தான் பெரும்பாலும் காரணம். இந்த அச்சத்துக்கு ஆதாரம் மெலிது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சூசன் ஜோஸ்லின் ஒரு விளையாட்டு வைத்தார். பங்கேற்பவர் சாலைப் பராமரிப்பு அதிகாரி. இரவில் பனி உறையும் என்றால் சாலையில் உப்புக் கரைசல் தெளிக்க வேண்டும், அதற்குச் செலவு உண்டு. தெளிக்காமல் விட்டு உறைந்தால் பெரிய அபராதம். ஒரு குழுவுக்கு வெறும் வெப்பநிலைக் கணிப்பு. இன்னொரு குழுவுக்கு உறைவதற்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதும் சேர்த்து. இரண்டாம் குழு நன்றாக முடிவெடுத்தது. கணிப்பு பிழைத்தபோதும் அவர்கள் நம்பிக்கை அவ்வளவாகச் சரியவில்லை. 2020-இல் கேம்பிரிட்ஜில் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் இருந்த குழு, பிபிசி இணையச் செய்தி வாசகர்களையும் சேர்த்துச் சோதித்து இதையே வேறு விதமாக உறுதி செய்தது: எண்ணோடு ‘இதிலிருந்து இதுவரை’ என்று வரம்பு கொடுத்தால் நம்பிக்கை மிகச் சிறிதளவே குறைகிறது. ‘ஏறலாம், இறங்கலாம்’ என்று மொத்தையாகச் சொன்னால்தான் அதிகம் குறைகிறது.

தமிழ்நாட்டில் 2018 அக்டோபர் 7-க்கு விடுக்கப்பட்ட ரெட் அலர்ட் நினைவிருக்கும். பயந்த அளவுக்கு மழை பெய்யவில்லை, கேலி மட்டும் கொட்டியது. சிவப்பு என்பது நடவடிக்கை எடுக்கச் சொல்லும் நிறம். அது எத்தனை வாய்ப்பை வைத்துச் சொல்லப்பட்டது என்பது அன்று ஒரு வரியாக மக்களை எட்டியிருந்தால், பெய்யாத மழை பொய்த்த கணிப்பாகத் தோன்றியிருக்காது.

பொய்யான உறுதி இதைவிடக் கொடியது. இத்தாலியின் லாக்விலாவில் 2009 தொடக்கம் முதல் சிறு நிலநடுக்கங்கள் தொடர்ந்தன. மார்ச் 31 அன்று நிபுணர்கள் கூடினார்கள். பெரிய நடுக்கம் வராது என்று எந்த அறிவியலாலும் சொல்ல முடியாது. ஆனால் குடிமைப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில் அபாயம் இல்லை என்ற பொருள்பட ஆறுதல் சொன்னார். நடுக்கம் உணர்ந்தால் வீட்டை விட்டுத் திடலில் போய்ப் படுப்பது அந்த ஊரார் வழிவழியாகச் செய்துவந்தது. அன்று சிலர் உள்ளேயே இருந்தார்கள். ஏப்ரல் 6 விடியலுக்கு முன் வந்த நடுக்கம் 300-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இது தொடர்பான வழக்கில் முதலில் தண்டிக்கப்பட்ட அறிவியலாளர்கள் 2014-இல் விடுதலையானார்கள்; ஆறுதல் சொன்ன அதிகாரிக்கு மட்டும் குறைந்த தண்டனை நின்றது.

இவ்வளவும் மேலிருந்து கீழே சொல்கிற கதை. மக்களாலேயே வாய்ப்பைக் கணக்கிட முடியுமா என்று கேட்டு ஒரு குழு ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போனது. அதற்கான முறையை இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டோர்வார்ட், ரோஜர் ஸ்டெர்ன் போன்றவர்கள் உருவாக்கினார்கள். ஜிம்பாப்வே, தான்சானியா, மலாவி, கானா, ருவாண்டா என்று பல நாடுகளில் பரவியிருக்கிறது.

பக்கத்து மழைமானி நிலையத்தின் பழைய பதிவுகளை எடுத்து, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகப் பெரிய தாளில் குறித்துவிடுகிறார்கள். விவசாயிகள் முதலில் தேடுவது தமக்குத் தெரிந்த ஆண்டுகளை. இது பஞ்சம் வந்த வருஷம், இது வெள்ளம் வந்த வருஷம் என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். தங்கள் நினைவோடு தாள் ஒத்துப்போனதும் அதை நம்பத் தொடங்குகிறார்கள். அடுத்து ஒரு மக்காச்சோள ரகத்தை எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பருவத்தில் 500 மில்லிமீட்டர் மழை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் அளவுகோலைக் குறுக்கே வைத்து, அதற்கு மேலே எத்தனை புள்ளி என்று எண்ணுகிறார்கள். 30 ஆண்டில் 21 என்றால், பத்து வருஷத்தில் ஏழு வருஷம் இந்த ரகம் தேறும். அளவுகோலைக் கீழே இறக்கினால் குறுகிய கால ரகம்: விளைச்சல் குறைவு, தேறும் ஆண்டுகள் கூடுதல். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து இதை எண்ணிவிடுகிறார். பருவநிலை மாறிவரும்போது பழைய 30 ஆண்டு அப்படியே திரும்பாது என்ற குறை இதில் உண்டு. அதையும் அந்தத் தாளிலேயே பார்க்கலாம். அண்மைய புள்ளிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று கேட்டால் போதும்.

எந்த ரகம் நல்லது என்று பயிற்சியாளர் சொல்வதில்லை. முடிவு விவசாயியுடையது என்பதுதான் இம்முறையின் அடிப்படை. ஒரே தாளைப் பார்த்து, வீட்டில் ஆடு மாடு உள்ளவர் பத்தில் ஏழு என்பதை ஏற்றுக்கொள்ளலாம், பொய்த்தால் விற்றுச் சமாளிப்பார். விதைக் கடன் வாங்கியவருக்கு அதே பத்தில் மூன்று தாங்காது. இன்னொருவர் நிலத்தை இரண்டாகப் பிரித்து இரு ரகமும் போடலாம்.

நம் மாவட்டங்களிலும் பல பத்தாண்டுகளாக மழை அளந்து குறித்து வைத்த நிலையங்கள் பல உள்ளன. வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் எந்தத் தேதியில் தொடங்கியது, நவம்பரில் எவ்வளவு பெய்தது, எந்த ஆண்டு சம்பா மூழ்கியது என்பதை ஊர்வாரியாகப் புள்ளி வைத்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட ஒரு சார்ட் தாள் போதும். பக்கத்தில் ஒரு அளவுகோலைக் கட்டித் தொங்கவிட வேண்டும்.